எண்பதாம் கட்டம்

நாய் வரும் என்றுதான் அறிவிப்பில் போட்டிருந்தார்கள், இன்றைக்கே வரும் என்று போடவில்லையே, அதுவும் எட்டாம் வகுப்புக்கு நான் அணுவை ஆரம்பிக்கிற வியாழக்கிழமையாகப் பார்த்து, முதல் பத்து நிமிடத்துக்குள், கதவைக்கூடத் தட்டாமல்… இல்லை, தட்டியிருப்பார்கள், இருபத்தெட்டுப் பிள்ளைகள் நாற்காலியை இழுக்கிற சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லை. கறுப்பு லாப்ரடார், பெயர் தூவா, வாரைப் பிடித்திருந்த பெண்ணின் பெயர் சிவ், காலில் கனத்த பூட்ஸ், தோளில் கருவிப் பை, கக்கத்தில் ஒரு படிவ அட்டை. நாட்டில் ஒரு சொட்டுப் பாதரசம் மிஞ்சக்கூடாது என்று ஸ்வீடன் முடிவெடுத்துவிட்டது, முடிவெடுத்தால் லேசில் விடுகிறவர்களா நாங்கள், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மோப்ப நாயை அனுப்புகிறோம். போன வாரம் ஆசிரியர் அறையில் இதற்கு அதிகம் சிரித்தவன் நான்தான், நாய் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும், வியாழக்கிழமைப் பட்டாணி சூப்பில் என்னதான் போடுகிறார்கள் என்று அதுவாவது கண்டுபிடிக்கட்டும் என்றேன், காப்பிக் கோப்பையோடு எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டாம், தூவாவுக்குக் கூட்டம் என்றால் பிடிக்கும் என்று சிவ் சொன்னாள், நானும் கல்யாண வீட்டுக்காரன் மாதிரிக் கையை விரித்து உள்ளே வரச்சொன்னேன். எனக்கென்ன பயம், தெர்மாமீட்டர்களையெல்லாம் போன வசந்தத்திலேயே எண்ணி ஒப்படைத்தாயிற்று, பெரிய புட்டியையும் நானே இரண்டு கையாலும் அணைத்துப்பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், இந்த அறையில் இனிப் பாதரசம் இருப்பது ஒரே இடத்தில்தான், சுவரில் தொங்கும் அட்டவணையின் எண்பதாம் கட்டத்தில்.

சரி, விட்ட இடம் எது… பருப்பொருள். இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உள்ளதும் எதுவோ அது பருப்பொருள், திண்மம், நீர்மம், வாயு, கேட்டீர்களா, நாய் பருப்பொருள், நாற்காலி பருப்பொருள், நாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களும் பருப்பொருள், ஆனால் நான் சொல்வது உங்கள் காதில் விழவில்லை என்பது பருப்பொருள் அல்ல, என்றேன், சிரித்தார்கள், இந்த நகைச்சுவைக்கு இருபது வயதாகிறது. நாய் அலமாரி அலமாரியாக மூக்கை ஓட்டிக்கொண்டு போனது. நான் குச்சியை எடுத்து அட்டவணையைத் தட்டினேன், ஒவ்வொரு கட்டமும் ஒரு தனிமம், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வகை அணு, அணுவின் நடுவில் எத்தனை புரோட்டான் என்பதுதான் மேலே எழுதியிருக்கும் எண், அதுதான் அதன் அடையாளம், அது மாறினால் ஆளே மாறிப்போகும். ஹில்லெவி கையைத் தூக்கினாள், முன்வரிசையில் உட்காருகிற மெலிந்த பெண், என்னை ஒருநாளும் சும்மா விடமாட்டாள், தங்கம் எழுபத்தொன்பது, பாதரசம் எண்பது, அவ்வளவுதானா வித்தியாசம் என்று கேட்டாள். அவ்வளவுதான், ஒன்றே ஒன்று. அப்போ ஒன்றைக் கழற்றிவிட வேண்டியதுதானே என்று பின்வரிசையில் ஒரு குரல், அதற்கும் சிரிப்பு, ஆனால் ஹில்லெவி சிரிக்கவில்லை, அவளுக்கு இன்னொன்று இருந்தது, மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்துபோகிறதே, அப்போது அந்த அணுவெல்லாம் எங்கே போகும். இந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பேன், யாராவது ஒரு பிள்ளை கேட்கும், கேட்டதும் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொல்வேன், எங்கும் போவதில்லை ஹில்லெவி, தீர்ந்துபோவது என்று ஒன்று கிடையாது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை, இந்த அறையிலேயே இருக்கும், நாம் மூச்சில் இழுத்துக்கொண்டிருப்போம். அதைச் சொல்லி முடித்தபோது நாய் என் மேசைக்கு அருகில் நின்றிருந்தது. மேசையின் இடப்பக்கம், லினோலியம் விரிப்பு சுவரோடு சேரும் இடத்தில், மூக்கைத் தரையில் பதித்து, வாலை ஆட்டாமல்.

அந்த இடத்தில் ஏன் நிற்கிறாய், அங்கே ஒன்றும் இல்லையே, அங்கே… எழுபத்தாறு நவம்பர், மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற மாதம், எனக்கு இருபத்தொன்பது வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, மறுவாரம் காற்றழுத்தம் நடத்த வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை யாருமில்லாதபோது ஒத்திகை பார்த்தேன். எண்பது சென்டிமீட்டர்க் கண்ணாடிக் குழாய், விளிம்புவரை பாதரசம், வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும், நூறு தடவை செய்தது, நூற்றொன்றாவது தடவை விரல் வழுக்கிவிட்டது. குழாய் உடைந்தது, கிண்ணமும் சேர்ந்து கவிழ்ந்தது, சாணளவு அகலப் பலகைகள் போட்ட பழைய தரை அது, ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு காசை நிறுத்தி வைக்கலாம், ஆயிரம் மணிகள் ஆயிரம் திசையில் ஓடின. மண்டியிட்டு அஞ்சலட்டையால் தள்ளித்தள்ளி முறத்தில் சேர்த்தேன், புட்டியில் திரும்ப ஊற்றிப் பார்த்தால் மட்டம் மூன்று விரல் கீழே. தலைமையாசிரியரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், யோசித்தேன். அப்புறம் அலமாரியிலிருந்து கந்தகப் பொடியை எடுத்து இடுக்கெல்லாம் மஞ்சளாகத் தூவிவிட்டேன், எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான், பாதரசம் சிந்தினால் கந்தகம், இரண்டும் சேர்ந்தால் பாதரச சல்பைடு, கறுப்பு, திடமானது, ஆவியாகாது, கதை முடிந்தது. சமன்பாடு இரண்டு பக்கமும் சரியாக இருந்தது, சமன்பாடு சரியாக இருந்தால் உலகமும் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்தான் வேதியியல் படிக்க வருகிறான். கந்தகம் மணியின் தோலை மட்டும்தான் பிடிக்கும், மேலே ஓர் ஓடு கட்டும், ஓட்டுக்குள் அது பாட்டுக்குத் திரவமாகவே கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், மேல்வகுப்புக்கு நானே நடத்தியிருக்கிறேன், தெரிந்தது எப்போதும் தேவையான நேரத்தில் வந்து நிற்கிறதா என்ன.

திங்கட்கிழமை காலை குன்வோர் வந்து அந்த மஞ்சளைப் பார்த்தார். குன்வோர் எங்கள் ஆய்வக உதவியாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், முழங்கைவரை மடித்துவிட்ட சட்டைக் கை, பென்சில் செருகிய கொண்டை, குடுவை கழுவும்போது ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பார். "ஏம்ப்பா ஸ்வெர்கெர், வெடிமருந்து கிடிமருந்து செய்யறியா," என்றார். கந்தகப் புட்டி கவிழ்ந்துவிட்டது, நானே சுத்தம் செய்துகொள்கிறேன் என்றேன். நீ செய்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியேதான் கிடக்கும் என்று சொல்லிவிட்டு வாளியில் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்தார், மண்டிபோட்டு உட்கார்ந்தார், இடுக்கு இடுக்காகப் பின்னல் ஊசியை விட்டுக் குடைந்து ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் எடுத்தார், நான் மேசைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு பார்த்திருந்தேன். முடிந்ததும் நன்றி வேறு சொன்னேன்… அடுத்த கோடையில் வகுப்புக்கு லினோலியம் விரித்தார்கள், பக்கத்துக் கழுவும் அறைக்கு விரிப்பு பற்றவில்லை, அது பலகைத் தரையாகவே நின்றுவிட்டது, விரிப்பு வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது.

நாய் நகர்ந்தது. போய்விட்டது, அவ்வளவுதான், லினோலியத்துக்கு மேல் என்ன தெரியப்போகிறது என்று மூச்சை விட்டேன், ஆனால் அது சுவரை ஒட்டியே, ஒரு கோடு போட்டு வைத்ததுபோல, ஓர் அங்குலம் விலகாமல், கழுவும் அறையின் கதவுக்குப் போய் அடியில் மூக்கை நுழைத்தது, அப்புறம் நகத்தால் பிறாண்டியது. இந்தக் கட்டடத்தின் தரை அந்தப் பக்கம் சரிவு, எல்லோருக்கும் தெரிந்ததுதான், கீழே விழுகிற பேனாவெல்லாம் அந்தக் கதவடிக்குத்தான் உருண்டு போகும், பிள்ளைகள் பந்தயம் வைத்து உருட்டுவார்கள், குன்வோர் உள்ளே ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருந்தார், தொலைந்த பேனா வேண்டுமென்றால் அதில் போய்த் தேடு என்பார், டப்பா எப்போதும் நிறைந்திருக்கும். பேனா உருளும் என்று தெரிந்தது, பென்சில் உருளும் என்று தெரிந்தது, பத்தொன்பது வருடமாகத் தினமும் பார்க்கிறேன், வேறெதுவும் உருளும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையா, தோன்றவில்லை, நிஜமாகவே தோன்றவில்லை… சாவி கேட்டாள் சிவ். சாவி என் பையில்தான் இருந்தது, திறந்துவிட்டேன். இப்போது அது வெறும் சாமான் அறை, குன்வோர் போனபிறகு உதவியாளர் என்று யாரையும் போடவில்லை, அவரவர் குடுவையை அவரவர் வகுப்பிலேயே கழுவிக்கொள்கிறோம், நான் அங்கே போனால் இரண்டு நிமிடம், எடுத்தோம் வந்தோம் என்று. குன்வோர் இருந்த காலத்திலும் அப்படித்தான், ஏம்ப்பா, இங்கேயே உட்கார்ந்து காப்பியைக் குடியேன், அவ்வளவு படியேறிப் போக வேண்டுமா என்று அவர் கூப்பிடாத நாள் இல்லை, அங்கே குளிரும் என்று சொல்லிவிட்டு மேல்மாடிக்குப் போய்விடுவேன்.

நாய் உள்ளே போய் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, நேரே தொட்டிக்கடியில், ஒரு பழைய முக்காலி அருகில் போய், உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தால் இருக்கிறது என்று அர்த்தமாம். சிவ் பையிலிருந்து உளியை எடுத்து முக்காலியை நகர்த்திவிட்டுப் பலகையை நெம்பினாள், நாற்பது ஐம்பது வருடத்து ஆணி, முனகிக்கொண்டு வந்தது, டார்ச்சை உள்ளே அடித்தாள். தூசு, மரத்தூள், ஒரு நீலப் பேனா மூடி, அப்புறம் அது. உத்திரத்துக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில், உள்ளங்கையளவு, அசையாமல், இப்போதுதான் ஊற்றியதுபோலப் பளபளவென்று, டார்ச் வெளிச்சத்தைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தது, சுற்றிலும் நண்டும் சிண்டுமாக நூறு மணிகள். பத்தொன்பது வருடம், ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை, எனக்குத் தலை நரைத்து முன்பல் இரண்டு கட்டியாயிற்று, இது அப்படியே இருக்கிறது. சிவ் உதட்டைப் பிதுக்கினாள். "ஒரு காப்பிக் கோப்பை தேறும்போல. கீழ கொதிகலன் அறைதானே? பாருங்க, வெந்நீர்க் குழாய் இதுக்கு ஒட்டியே போகுது, சூடு பட்டுப்பட்டு மேல வந்துக்கிட்டே இருந்திருக்கு. இங்க யாரும் ரொம்ப நேரம் உக்காந்து வேலை பாத்தாங்களா?"

யாரும் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன், இப்போது யாரும் இல்லை என்பது உண்மைதானே, ஆனால் கண் முக்காலிமேல் போய்விட்டது, நடுவில் தேய்ந்து குழிந்த முக்காலி. முன்னால் ஓர் உதவியாளர் இருந்தார் என்றேன். எத்தனை வருடம் என்றாள், பதினொன்று என்றேன், இது சிந்தியதற்கு அப்புறம் பதினொன்று, எழுபத்தாறிலிருந்து எண்பத்தேழு, தினம் ஏழு மணி நேரம், குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்கவும் முடியாது, பனியில் இறுகிப் போயிருக்கும். சிவ் நாய்க்கு ஏதோ தின்னக் கொடுத்துக்கொண்டே, தினமும் சொல்லிச்சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள், போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் இதே மாதிரிதான், அங்கே ஒரு காவலாளி, கை நடுங்குமாம், ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப் போவாராம், சட்டென்று கோபம் வருமாம், ஈறிலிருந்து ரத்தம். "வாய்ல எந்நேரமும் காசை வச்சுக்கிட்டு இருக்கற மாதிரி ஒரு ருசியாம், பாவம், நாள் பூரா எதையாவது சப்பிக்கிட்டே இருப்பாராம்." புதினா மிட்டாய். பச்சைக் காகிதம் சுற்றிய புதினா மிட்டாய், மேலங்கியின் இரண்டு பையிலும், தொட்டி ஓரத்தில், பேனா டப்பாவுக்குள். காப்பி நாணயம் மாதிரி இருக்கிறது ஸ்வெர்கெர், இந்த ஊர்த் தண்ணீருக்கு என்ன வந்தது என்று அவர் கேட்டது எந்த வருடம், எண்பத்திரண்டா, எண்பத்து மூன்றா, நான் என்ன சொன்னேன், மட்டமான காப்பித்தூள் என்றேன்.

நான் அந்த மிட்டாயை வேறு மாதிரிப் படித்தேன். குடித்த நாற்றத்தை மறைக்க என்று படித்தேன். அப்படிப் படிக்கக் காரணம் இருந்தது, இருந்ததல்லவா, குடுவைகள் கை நழுவி உடைந்தன, லேபிளில் எழுத்து கோணிக்கொண்டு போனது, பாட்டு நின்றுபோனது, ஆசிரியர் அறைக்கு வருவதை நிறுத்திவிட்டார், எதிரே வந்தால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வார், ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பீக்கரைத் தொட்டியில் வீசி அடித்தார். எண்பத்தேழு மார்ச்சில் நான் ஒரு காரியம் செய்தேன், விளக்குக்கு ஊற்றுகிற ஸ்பிரிட் புட்டியின் லேபிளில், திரவம் நிற்கிற மட்டத்தில், மெல்லியதாக ஒரு பென்சில் கோடு. மூன்று வாரம் கழித்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. வேறென்ன வேண்டும், அளந்தாயிற்று, அளந்ததை யாரால் மறுக்க முடியும். மே மாதம் தலைமையாசிரியர் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம், நான் மிட்டாயைச் சொன்னேன், நடுக்கத்தைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், வருத்தமான குரலில், அவருடைய நன்மைக்காகத்தான் என்றும் சொன்னேன். குன்வோர் மடியில் ஒரு கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்திருந்தார். "நான் குடிக்கறதில்ல ஸ்வெர்கெர். எங்கப்பா குடிச்சே செத்தாரு. நான் தொடமாட்டேன், உனக்குத் தெரியும்," என்றார், தலைமையாசிரியரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. தெரியும், பதினாறு வயதிலிருந்து மதுவிலக்குச் சங்கத்தில் இருக்கிறவர், ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் காப்பி பரிமாறுகிறவர், அப்படிப்பட்டவர்கள்தான் ரகசியமாகக் குடிப்பார்கள் என்று நான் அப்புறம் ஆசிரியர் அறையில் சொன்னேன். கோடைக்கு முன்பே அவரை அனுப்பிவிட்டார்கள், எங்கள் ஊரில் ஓர் ஆள் தும்மினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும், அடுத்த மாதமே சங்கத்துப் பெண்கள் காப்பிக் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்தப் புட்டி எங்கே இருந்தது… இதோ, இந்த அலமாரியில், குழாய்க்கு நேர் மேலே, மூடியின் ஓரம் சில்லுத் தெறித்தது, சில்லுப்போனதும் எனக்குத் தெரியும். நீர்மம் ஆவியாகி வாயு ஆகும் என்று அதே மார்ச்சில் அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளைகளுக்கு நடத்திக்கொண்டிருந்தேன், கோட்டை விட்டு இறங்கிய ஸ்பிரிட் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள்தான் போயிருக்க முடியும் என்று எனக்கு யார் சொன்னது.

இதைவிட ஒன்று இருக்கிறது, அது வர வேண்டாம், அது இப்போது வர வேண்டாம்… வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து ரயில் நிலையக் காப்பிக்கடையில் அவரைப் பார்த்தேன், வேலைக்குச் சேர்ந்திருந்தார்போல, எட்டுக் கோப்பை வைத்த தட்டு, தளும்பத் தளும்பக் காப்பி, ஒரு கையில் ஏந்திக்கொண்டு மேசைகளுக்கு நடுவில் நடந்து வந்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை, கை பாறை மாதிரி நின்றது. என்னைப் பார்த்தார், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என்ன நினைத்தேன். குடியை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், கடவுளே, நெஞ்சு நிறையச் சந்தோஷப்பட்டேன், அன்றைக்கு நாம் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெண் செத்தே போயிருப்பாள் என்று மறுநாள் எல்லோரிடமும் சொன்னேன், சில சமயம் கண்டிப்புத்தான் கருணை என்றுகூடச் சொன்னேன், தலையாட்டினார்கள். இந்த அறையை விட்டுப் போனதும் கை தானாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது, அவர் எதையும் விடவில்லை, விடுவதற்கு அவரிடம் எதுவுமே இருந்ததில்லை.

வாசலில் பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள், முன்னால் ஹில்லெவி, உள்ளே வரக்கூடாது என்று சிவ் கையைக் காட்டியதால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கழுத்தை நீட்டினாள். அவள் கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் அவள் பள்ளத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். சிவ் படிவ அட்டையை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தாள், அறை, பரப்பு, தரை வகை… இது எப்படி வந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று போட்டுவிடலாம், முக்கால்வாசி இடத்தில் அப்படித்தான் போடுகிறார்கள், பழைய கட்டடம், யாரைப் போய்க் கேட்பது. தெரியவில்லை. எவ்வளவு சின்ன வார்த்தை, படிவத்தில் அதற்கு இடம்கூட விட்டிருக்கிறார்கள். என் வாயிலிருந்து குன்வோர் என்று மட்டும் வந்தது, ஏன் அந்தப் பெயர் வந்தது, அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓடியதுதான் பாதியில் வெளியே வந்துவிட்டது, தேவாலயத்துக்குப் பின்தெருவில் மஞ்சள் வீடு, தபால் பெட்டியில் பெயர் இருக்கிறது, நடந்தால் எட்டு நிமிடம், எட்டு வருடமாக நான் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

"குன்வோர்ங்கறது அந்த உதவியாளரா?" பென்சில் தாளில் இறங்கியது. "அவங்க சிந்தினதா?"

"இல்ல. அவங்க இல்ல."

"அப்புறம்?"

அப்புறம்… பென்சில் அந்தரத்தில் நின்றது. சொல்லிவிடலாம், நான் என்று ஒரு வார்த்தை, தெரியவில்லை என்பதைவிடச் சின்ன வார்த்தை, பிள்ளைகள் நிற்கிறார்களே, நின்றால் என்ன, மெழுகுவர்த்தி எங்கே போகும் என்று கேட்டவள் நிற்கிறாளே. சிவ் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, வயதான மனுஷன் பயந்துபோனார் என்று நினைத்திருப்பாள், அந்த வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள், குரலைத் தணித்துக்கொண்டு, உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், நீங்கள் இங்கே எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்றாள். இதற்குப் பதில் என்னிடம் தயாராக இருந்தது, பத்தொன்பது வருடமாகத் தயாராக இருக்கிறது, நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"நான் இங்க உக்காரறதே இல்ல. இங்க குளிரும்."

சிவ் நிமிர்ந்து பார்த்தாள். வரும்போது போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தாள், முழங்கைவரை மடித்துவிட்ட கை, மேலுதட்டில் வியர்வை, காலடியில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துக்கொண்டிருந்தது.

"குளிரா," என்றாள்.

குன்வோரும் இப்படித்தான் கையை மடித்துவிட்டிருப்பார், பிப்ரவரியில்கூட, நான் குளிர் என்று சொல்லும்போதெல்லாம் சிரிப்பார், உனக்கு ரத்தமே இல்லையாப்பா என்பார், நான் கோப்பையை எடுத்துக்கொண்டு முப்பத்திரண்டு படி ஏறிப் போவேன். எப்போதாவது எனக்கு அங்கே குளிர்ந்ததா, ஒரு நாளாவது, யோசித்துப் பார்க்கிறேன், ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை, அப்புறம் எதற்காக அத்தனை படி ஏறினேன். தொட்டிக்கு மேலே சுவரில் சிவப்புத் திரவத் தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டிக்கொண்டிருந்தது, போன வசந்தத்தில் பாதரசத் தெர்மாமீட்டரைக் கழற்றிவிட்டு அதை அங்கே மாட்டியவன் நான்தான்.